நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வகம்

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை ஆய்வகம் 1945 முதல் மண்டல வானிலை மையமாக இயங்குகிறது. அதன் வரலாறு அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முந்தையது. கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் சொந்தமாக நடத்திய வானாய்வுக்கூடத்தை ஏற்றுக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பியது. அன்று வானாய்வுக் கருவியைத் தாங்கிய சுமார் 10 டன் கருங்கல் தூண் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. லத்தீனுடன் தமிழிலும் தெலுங்கிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள் மழையையும் வெயிலையும் குறித்து வைத்தார்கள். வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1796-இல் தொடங்கிய அந்தப் பதிவே இந்நிறுவனத்தின் ஆகப்பெரிய சொத்து. 1899-இல் வானியல் பணி கொடைக்கானலுக்குப் போன பிறகும் வானிலைப் பதிவு இங்கேயே தொடர்ந்தது. இன்றும் காலை 8.30 மணிக்கு மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து எழுதுகிறார்கள். பருவநிலை மாறுகிறதா என்று கேட்பவர் முதலில் தேட வேண்டியது இத்தகைய நீண்ட கணக்கைத்தான்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் இத்தகைய பதிவுகளைக் கொண்டு பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி தீவிரமானது. இந்திய வானிலைத் துறையை 1904 முதல் நடத்திய கில்பர்ட் வாக்கர், பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்தம் ஏற்றமும் இறக்கமுமாக மாறி மாறி வருவதைக் கண்டறிந்தார். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ இந்த ஊசலாட்டத்தோடு இணைந்தது. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். ஆனால் தமிழகத்துக்கு அந்த ஆண்டில் வடகிழக்குப் பருவமழை கூடுவதே வழக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி போல ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் போவதைப் பார்த்து நாற்றுவிடும் ஊர்களுக்கு இது பெரிய செய்தி.

2015 அப்படியொரு எல் நினோ ஆண்டு. அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்தது. 1918 நவம்பரில் 1,088 மி.மீ. பெய்திருப்பதைப் பழைய ஏடு காட்டியது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. சில மைல் தூரத்துக்குள் இவ்வளவு வேறுபாடு என்றால், நகரத்து அளவைக் கொண்டு தென்னேரி நீர்ப்பிடிப்பைக் கணிக்க முடியாது. சென்னையில் 2002-இல் அமைந்த டாப்ளர் ரேடார், மழைமானிகளுக்கு இடைப்பட்ட பகுதிகளின் மழையைக் கணித்து இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகிறது. ஆனாலும் ரேடார் கணிப்பைச் சரிபார்க்க ஏரிக்கரையிலும் ஒரு மழைமானி வேண்டும்.