ஒரு மாத நோட்டீஸ் எங்கிருந்து வந்தது?



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வாடகை வீட்டுப் பிரச்சினை பல நேரம் கல்யாணத்தோடுதான் தொடங்கும். மகளுக்கென்று கட்டிய வீட்டை மாப்பிள்ளை அமையும்வரை வாடகைக்குக் கொடுத்திருப்போம். நிக்காஹ்வுக்கு நாள் குறித்ததும் வீடு வேணும். குடியிருப்பவருக்கோ பிள்ளை ஓ.எல். எழுதுகிற வருடம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்போதுதான் "ஒரு மாசம் தாறம்" என்ற பேச்சு வரும்.

அந்த ஒரு மாதம் பழைய சரக்கு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி, வீட்டுக் குத்தகைகளை நொத்தாரிசு முன் எழுதச் சொன்னது. ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. வாய்ப்பேச்சில் கொடுத்த வீடுகள் மாத வாடகையாகவே நிற்பது இதனால்தான். அதை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். வீட்டை விற்றாலும் வாடகை முறியாது என்பதும் அதே சட்டம்தான். வாங்கியவர் மறுநாளே சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பிறகு 1948இல் ஒரு சட்டம், 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். அதற்குட்பட்ட வீட்டில் இருப்பவரைச் சட்டம் சொன்ன காரணங்களுக்காக மட்டுமே எழுப்பலாம். அவர் மௌத்தானாலும் உரிமை கூட இருந்த குடும்பத்தவருக்குப் போகலாம். ஏழைக்கு அது பெரிய காவல், மறுப்பதற்கில்லை. ஆனால் வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட, வீட்டுக்காரர்கள் பயந்து பெரிய முற்பணமும் குறுகிய தவணையும் கேட்கப் பழகினார்கள். குத்தகை முடிந்த இடத்தை விரைவாக மீட்க 2023இல்தான் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

முற்பணமும் வீட்டுக்காரர் கையில் இருக்கும் கடன்தான். கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவை ஓதுகிற நாங்கள், இதை மட்டும் ஏன் வாயால் முடிக்கிறோம்?

சாதாரண மாத வாடகையில் ஒரு கணக்கை மட்டும் பிழைவிடாதீர்கள். வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குமென்றால், மார்ச் 12இல் கொடுத்த நோட்டீஸ் ஏப்ரல் 12இல் முடியாது. ஏப்ரல் 30இல்தான் முடியும். அன்றைக்குக் கரண்ட், தண்ணி மீட்டர் இலக்கங்களையும், முற்பணத்தில் கழித்ததையும், திறப்பு எத்தனை என்பதையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.