கொள்ளிடம் இரும்புப் பாலம்

திருச்சி நம்பர் 1 டோல்கேட்டுக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவே, கொள்ளிடத்தின் மேல் நின்ற இரும்புப் பாலத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில், 1928-இல் கட்டியது. 1924-இல் காவிரியில் வந்த பெருவெள்ளத்தின் பயம் ஊர் மனதை விட்டுப் போகாத காலம் அது. மேட்டூர் அணை 1934-இல்தான் வந்தது. அணைக்கு மூத்த பாலம் என்று அதைச் சொல்லலாம்.

1984-இல் நானும் எங்கள் பள்ளித் தமிழாசிரியரும் அதைப் பார்ப்பதற்காகவே என் ராஜ்தூத் வண்டியில் செம்மேட்டிலிருந்து கிளம்பினோம். அப்போது நாமெல்லாம் சேலம் மாவட்டக்காரர்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிக் காரவள்ளி சேர்வதற்குள் பிரேக் பிடித்த கை மரத்துவிட்டது. சேந்தமங்கலம், நாமக்கல், தொட்டியம், முசிறி. தொட்டியத்துக்குப் பிறகு வலது பக்கம் காவிரியும் வாழைத் தோட்டங்களும் கூடவே வந்தன.

சென்னைப் பேருந்துகளும் அன்று அந்தப் பாலத்தில்தான் போயின. லாரி ஒன்று கடந்தால் காலடியில் அதிர்வது தெரியும். "இந்த இரும்பு எத்தனை காலம் தாங்குமோ, ஐயா?" என்றேன். அருகில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், "இரும்புக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. பாலம் நிக்கிறது மணல்லயில்ல?" என்றார்.

அந்தப் பேச்சின் பொருள் 34 வருடம் கழித்துப் புரிந்தது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. பாசனத்துக்கு வேண்டியது காவிரியில் போக, வெள்ளத்தைச் சுமப்பது கொள்ளிடம். அதை ஒழுங்குபடுத்த ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கிக் கட்டியது மேலணை. 1977, 2005 வெள்ளங்களையெல்லாம் பாலம் பார்த்துவிட்டது. 2016-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்ததும் பழையதற்கு ஓய்வு கொடுத்தார்கள்.

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, 2 லட்சம் கன அடியளவுக்குத் தண்ணீர் வந்தது. பழைய பாலத்தின் தூண்கள் சில சரிந்து, மேல்தளமும் ஆற்றில் விழுந்தது. சில நாட்களில், 22-ஆம் தேதி, முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின.

ஓடும் தண்ணீர் தூணில் மோதினால் கீழ்நோக்கித் திரும்பி அடிமணலைக் குடையும். ஆற்றில் மணல் நிறைய இருந்தால் வெள்ளம் வடியும்போது குழி மறுபடி தூர்ந்துவிடும். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் மட்டமே இறங்கிவிட்டால் அஸ்திவாரம் வெளியே வந்துவிடும். அப்புறம் மேலே எத்தனை டன் இரும்பு இருந்து என்ன பயன்? வயதான பாலம், விழுந்தது என்று பலர் சொன்னார்கள். வயதை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நமக்கும் அந்த ஆற்றுக்கும் உறவு உண்டு. ஆகாய கங்கையில் விழும் அய்யாறும், நம் மலையில் பிறக்கும் கரைப்போட்டான் ஆறும் காவிரிக்குத்தான் போகின்றன. மலை அரித்துக் கொடுக்கும் மணல்தான் கீழே ஆற்றுப் படுகை. அது சேரப் பல தலைமுறை ஆகும். லாரியில் ஏற்ற ஒரு ராத்திரி போதும்.

பழைய பாலத்தின் மிச்சத்தையும் பிறகு அகற்றிவிட்டார்கள். புதுப் பாலத்தில் போகும் பேரப்பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: அதன் காலும் அதே ஆற்றுக்குள்தான் இருக்கிறது.