பினாங்கின் கடலடித் தந்திவடம்

கெடாக் கரையை நம் முன்னோர் கடாரம் என வழங்கினர். அக்கரைக்கு எதிரே கிடக்கும் தீவு பினாங்கு. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் அங்கே ஆங்கிலக் கொடியை ஏற்றினார். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் பலர் முதன்முதல் கால் வைத்த துறையும் பின்னர் அதுவே ஆயிற்று. இத்துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் சரக்கையும் பற்றி நிரம்பக் கூறுவர்; அலைக்கடியில் கிடந்த கம்பியைப் பற்றிக் கூறுவோர் சிலரே. செய்தி தடையின்றிச் செல்ல என்ன செய்தல் வேண்டும் என்னும் கேள்விக்கு இன்றைய கணினி வலைகள் தரும் விடைகளுள் பல, அக்கம்பியைக் காத்தவர்கள் அன்றே கண்டவை. அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1869-இல் இலண்டனில் ஒரு கழகத்தார், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திவடம் இட முற்பட்டனர். 1870-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை – பினாங்கு வடம் இடப்பட்டது. 1871-இன் தொடக்கத்தில் சிங்கப்பூரும் இணைந்தது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கிடந்த வடத்தின் நீளம் 1,400 கடல் மைலை ஒட்டியது. நடுவே செப்புக்கம்பி, அதன்மேல் கடல்நீர் புகாதபடி கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பால் பூச்சு, அதற்கும் மேலே சணலும் இரும்புக் கம்பிகளும். அப்பாலைத் தரும் மரம் மலாய்க் காடுகளில் வளர்வது. உலகக் கடல்களுக்கெல்லாம் வடம் செய்வதற்காக அம்மரங்கள் கணக்கின்றி வெட்டி வீழ்த்தப்பட்டன. 1873-இல் இவ்வழியை நடத்திய கழகம் வேறு இரண்டுடன் கூடி, ஜான் பெண்டரின் தலைமையில், கிழக்கு விரிவுத் தந்திக் கழகமாயிற்று.

வடத்தை இடுவது எளிதன்று. இட்ட வடத்தைக் காப்பது அதனினும் அரிது. நங்கூரம் அதை இழுக்கும், பவளப்பாறை தேய்க்கும், மரத்தைத் துளைக்கும் கடற்புழு சணலுக்குள் புகுந்து மரப்பாற் பூச்சையும் துளைத்துவிடும். புழுவைத் தடுக்கப் பித்தளைத் தகட்டை உள்ளே சுற்றும் வழக்கம் பின்னர் வந்தது. அதன்பின்னும் வடம் அறுந்தே வந்தது. அறுந்த இடத்தைக் கண்டறிந்த முறை வியக்கத்தக்கது. கம்பியில் மின்னோட்டத்துக்கு ஒரு தடை உண்டு; ஒவ்வொரு மைலுக்கும் அத்தடை இவ்வளவு என முன்னரே அளந்து வைத்திருப்பர். பழுது நேர்ந்ததும் கரையிலிருந்து தடையை அளப்பர். வந்த அளவை மைலாக மாற்றினால் பழுதின் தொலைவு தெரியும். மறுகரையிலும் அவ்வாறே அளந்து இரண்டையும் ஒப்பிடுவர். சிங்கப்பூரில் நின்ற ‘ஷெரார்ட் ஆஸ்பர்ன்’ போன்ற வடக்கப்பல் அவ்விடம் சென்று, கொக்கிகளால் கடலடியைத் துழாவி வடத்தைத் தூக்கும். நல்ல முனையில் மிதவை கட்டி விட்டு, மறுமுனையைத் தேடிப் பிடித்து இரண்டையும் இணைக்கும்.

கப்பல் சென்று மீளும்வரை செய்தி நிற்கலாமோ? நிற்கலாகாது. ஆதலின் 1870-களின் இறுதியிலேயே பினாங்குக்கும் இரங்கூனுக்கும் இடையே வேறொரு வடம் இடப்பட்டது. சென்னை வடம் அறுந்தாலும், இந்தியத் தரைத்தந்தி வழியே இரங்கூனை அடைந்து பினாங்குக்கு வர வழி பிறந்தது. ஒன்று போனால் மற்றொன்று என்னும் இந்த ஏற்பாடே பழுது மீட்பின் முதற்படி. இரண்டு வடங்களையும் ஒரே இடத்தில் இட்டால் ஒரே நங்கூரம் இரண்டையும் அறுத்துவிடும். மாற்று வழி என்பது வேறு வழியாகவும் இருத்தல் வேண்டும்.

வழி ஒன்றே எஞ்சியிருக்குங்கால் செய்திகள் குவியும். எது முன், எது பின்? 1875-ஆம் ஆண்டுச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் உடன்படிக்கை அரசின் தந்திக்கு முதலிடம் தந்தது. தனியார் செய்திகளுள் மும்மடங்கு கட்டணம் செலுத்திய அவசரத் தந்தி முன்னே சென்றது. 1912-இல் அரைக் கட்டணத் தந்தி வந்தது. முழுக் கட்டணச் செய்திகள் போன பிறகே அது போகும். காலியான நேரமும் பயன்பட்டது. ஏழைக்கும் ஓரளவு வழி பிறந்தது. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: வெள்ளீய விலையைச் சொல்லும் வணிகரின் தந்தி முன்னே செல்ல, ‘தாய் இறந்தாள்’ என்னும் தோட்டத் தொழிலாளியின் தந்தி பின்னே நிற்பதற்கும் அம்முறை இடந்தந்தது. வரிசை வகுத்தல் கணக்கு மட்டுமன்று. அதனுள் ஓர் அறமும் அடங்கியுள்ளது.

செய்தி சேர்ந்தால் மட்டும் போதாது. பிழையின்றிச் சேர வேண்டும். ஒவ்வொரு தந்தியின் தலைப்பிலும் சொற்களின் எண்ணிக்கையைக் குறித்தனர். பெறுவோர் எண்ணிப் பார்த்துக் குறைந்தால் திரும்பக் கேட்பர். தந்திகளுக்கு வரிசை எண் இட்டதால், இடையில் ஒன்று தொலைந்தாலும் உடனே தெரிந்தது. மிகைக் கட்டணம் செலுத்தினால் செய்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்ப்பதும் உண்டு. இன்று கணினிகள் செய்தியைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, எண்ணிட்டு, எண்ணிக்கை சரிபார்த்து, வாராததை மீண்டும் கேட்பது இம்முறையின் வழித்தோன்றலே.

மற்றொரு பாடமும் உண்டு. 1858-இல் இட்ட அத்லாந்திக் வடத்தில் செய்தி மங்கலாக வருகிறதென்று மின்னழுத்தத்தை மிக உயர்த்தினர். சில வாரங்களில் வடமே செத்தது. 1986-இல் அமெரிக்காவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துக்கும் அருகிலிருந்த ஆய்வகத்துக்கும் இடைப்பட்ட இணைப்பில், நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. விடை வாராத கணினிகள் அதே பொதியை மேலும் மேலும் அனுப்பியதே நெரிசலைப் பெருக்கிற்று. பொதி தொலைந்தால் வேகத்தைக் குறை, சேர்ந்தால் சிறிது சிறிதாகக் கூட்டு என்னும் முறையை வான் ஜேக்கப்சன் 1988-இல் விளக்கினார். நெருக்கடியில் முந்துவோர் எல்லாரும் பிந்துவர். ஒவ்வொருவரும் சற்றே அடங்கினால் எல்லாரும் சேர்வர்.

போர்க்காலம் இவற்றையெல்லாம் சோதித்தது. 1914 செப்டம்பர் 22-இல் சென்னையைச் சுட்ட எம்டன் கப்பல், அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைக்குள் புகுந்து ‘செம்சுக்’ என்னும் உருசியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வல்லாளனை ‘எம்டன்’ என்று தமிழில் சொல்வது அந்நாள் வழக்கே. நவம்பர் 9-இல் அது கோக்கோஸ் தீவிலிருந்த, மேற்கூறிய கழகத்தின் நிலையத்துக்கு ஆட்களை இறக்கிக் கருவிகளை உடைத்தது. ஆயின் அதற்கு முன்பே நிலையத்தார் எச்சரிக்கையை அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ விரைந்து வந்து எம்டனை அழித்தது. நிலையத்தாரோ ஒளித்து வைத்திருந்த உதிரிக் கருவிகளால் மீண்டும் செய்தி அனுப்பலாயினர். மீட்பு என்பது பழுதுக்குப் பின் தொடங்குவதன்று. பழுதுக்கு முன்பே ஆயத்தமாவது.

நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. பரிசில் பெற்று வருபவன், எதிர்ப்பட்டவனுக்கு வழி சொல்லி அனுப்புவான். இன்றைய வலையின் சந்திகளில் உள்ள கருவிகளும் அவ்வாறே தாம் அறிந்த வழியை அண்டைக் கருவிகளுக்குச் சொல்லுகின்றன. ஒரு வழி அடைபட்டால் அச்செய்தி பரவ, பொதிகள் வேறு வழியில் ஆற்றுப்படுத்தப்படுகின்றன. எனினும் வழியே இல்லாவிடத்து ஆற்றுப்படுத்துவோன் என் செய்வான்? 2006 டிசம்பர் 26-இல் தைவானுக்குத் தெற்கே நேர்ந்த நிலநடுக்கத்தால் ஒன்பது வடங்கள் அறுந்தன. பல வடங்கள் ஒரே நீரிணையில் கிடந்தமையே கேட்டுக்குக் காரணம். அவற்றைச் செப்பனிடப் பதினொரு கப்பல்களுக்கு 49 நாள்கள் ஆயின. 2010-களின் நடுவில் வங்காள விரிகுடாவில் இடப்பட்ட ஒளியிழை வடம் பினாங்கையும் சென்னையையும் மீண்டும் இணைத்தது. 1870-இன் பாதை புதிய உடலெடுத்தது எனலாம்.

ஆசிரியராகிய நமக்கு இவ்வரலாறு ஒன்றைச் சொல்கிறது. பெருநகரத்துக்குப் பல வழிகள். தோட்டத்துப் பள்ளிக்கோ பெரும்பாலும் ஒரே வழி. அவ்வொன்று அறுந்தால் அங்குள்ள மாணவன் காத்திருக்க வேண்டியதுதான். அன்று அரைக் கட்டணத் தந்தி காத்திருந்தது போன்றதே இதுவும். வலையின் உறுதியை அதன் அகன்ற வழியைக் கொண்டு அளப்பது முறையன்று. கடைக்கோடியில் உள்ளவனுக்கு இரண்டாவது வழி உண்டா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.