ஐராவதியின் எண்ணெய்க் கப்பல்கள்

கொழும்புக் கால்வாய்களில் ஒல்லாந்தர் காலத்திலேயே சரக்குப் படகுகள் ஓடியதை நாம் அறிவோம். பர்மாவின் எண்ணெய்த் தொழிலையும் அத்தகைய நீர்வழியே வளர்த்தது.

1886 இல் பர்மா எண்ணெய்க் கம்பெனி தோன்றிற்று. துளையிடும் இயந்திரங்களும் கொதிகலன்களும் இரங்கூனிலிருந்து ஐராவதி வழியே யெனாங்யாங் வயல்களுக்கு நீராவிக் கப்பலேறின. திரும்புகையில் எண்ணெய் வந்தது. 1909 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 275 மைல் நீளக் குழாய் அமைந்தபின் எண்ணெய் அதன்வழியே சென்றது. ஆயினும் ஆட்களும் தளபாடங்களும் ஆற்றையே நம்பியிருந்தனர். கோடையில் மணற்றிட்டுகள் தலைகாட்டும். மூங்கிற் கழியால் ஆழம் பார்த்துக் கப்பலைக் காத்தவர்கள் சிட்டகாங் மாலுமிகள்.

1942 இல் யப்பானியர் நெருங்கவே, பிரித்தானியர் கிணறுகளைத் தகர்த்தனர், கப்பல்களையும் மூழ்கடித்தனர். தமிழர் உள்ளிட்ட இந்தியர் இலட்சக்கணக்கில் கால்நடையாய் வெளியேறினர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர்.

கம்பெனிகளின் பெயர்கள் ஏட்டில் உள. ஆழம் பார்த்தவர்களின் பெயர்கள் இல. இளைஞர்களே, நம் முதியோர் கூறும் தொழில் வரலாற்றையேனும் இன்றே எழுதி வைப்போமாக!