பட்டாசு மண்ணில் இன்பக் கணக்கு

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் வட்டாரத்தின் தொழில் வரலாறு மழை பொய்த்த கரிசலில் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினார்கள். வெள்ளாமையைக் கருக்கிய வறண்ட காற்று, குச்சியையும் மருந்தையும் உலர்த்த வாய்ப்பாக அமைந்தது. தீப்பெட்டிக்குப் பிறகு மத்தாப்பு, அதன் பிறகு வெடி. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொண்டுவந்தன. உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்டதும் உள்ளூர் ஆலைகள் பெருகின.

தீப்பெட்டி அடுப்பு மூட்ட வேண்டிய பொருள். பட்டாசோ மகிழ்ச்சிக்கென்றே செய்யப்படுவது. அதனால், ஒரு செயலை அது விளைக்கும் இன்ப துன்பங்களைக் கொண்டு மதிப்பிடும் பயன்வழி அறவியலின் பழைய கேள்வி ஒன்று இவ்வூர்களின் கதையில் அழுத்தமாக எழுகிறது: இன்பத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதுமா, தரத்தையும் பார்க்க வேண்டுமா?

அளந்தால் போதும் என்பது ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாமின் நிலை. ஓர் இன்பம் எவ்வளவு உறைப்பானது, எவ்வளவு நேரம் நீடிக்கும், எவ்வளவு உறுதி, எவ்வளவு அண்மை, மேலும் இன்பம் விளைக்குமா, பின்னால் துன்பம் தருமா, எத்தனை பேரைத் தொடும் என ஏழு வகையில் அதை எடைபோடலாம் என்று 1789இல் வெளியான நூலில் அவர் விளக்கினார். சரவெடியில் உறைப்பு மிகுதி, நீடிப்பு சில நொடிகள். வெடிப்பவரின் குதூகலத்தோடு தொட்டில் குழந்தையின் அலறலையும், இளைப்பு நோயாளியின் இரவையும், மிரண்டு பதுங்கும் நாயின் நடுக்கத்தையும் கூட்டிக் கழிக்க வேண்டும்; துன்பத்தை உணரும் விலங்கும் பெந்தாமின் கணக்கில் உண்டு. ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோடிப் பேரின் ஒரு நாள் களிப்பை மறுதட்டில் வைத்தால் வெறும் கூட்டல் எந்தப் பக்கம் சாயும்? அளவை மட்டுமே நம்பும் அறத்தின் பலவீனம் இந்த இடத்தில் வெளிப்படுகிறது.

தரத்தையும் பார்க்க வேண்டும் என்றவர் பெந்தாமின் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில். 1861இல் இதழில் வந்து, 1863இல் நூலான அவரது கட்டுரை, இன்பங்களில் வகையாலேயே உயர்ந்தவை உண்டு என்றது. எது உயர்ந்தது என்று சொல்லத் தகுந்தவர் இரண்டையும் நுகர்ந்து அறிந்தவரே. உயர்ந்ததைச் சுவைக்கும் திறனோ மென்மையானது. பயிற்சியும் ஓய்வும் வாய்க்காவிட்டால் இளமையிலேயே பட்டுப்போகும்.

சிவகாசி வட்டாரத்துக்கு இந்தக் கடைசிக் கருத்து மிக நெருக்கமானது. பல பத்தாண்டுகள் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவர் சிறுமியர் போனார்கள். குழந்தையின் கூலி வீட்டுக்கு உதவுகிறது, வேலை எளிது, பிஞ்சு விரல் வேகமானது என்று வாதிட்டவர்கள் அளவின் கணக்கையே போட்டார்கள். பள்ளியே காணாத குழந்தை எதை இழக்கிறது என்று அந்தக் குழந்தையிடமே கேட்டு அறிய முடியாது. ஒப்பிட அதற்கு இன்னொன்று தெரியாது. இந்த இழப்பு எந்தக் கூலிப் பட்டியலிலும் ஏறவில்லை.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல், தயாரிப்பு நடக்கும் இடத்துக்கு அப்பால் பொதிகட்டும் வேலையில் குழந்தைகளை அனுமதித்தது. ஆபத்து குறைந்தால் போதும் என்ற கணக்கு அது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பு அதைத் தாண்டியது. அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை, அது இயலாவிட்டால் அரசின் பங்காக 5,000 ரூபாய், குழந்தைக்குக் கல்வி. படிப்பைக் கூலியோடு எடைபோடாமல் வேறு வகையான நன்மையாக நடத்திய தீர்ப்பு இது. மில் கேட்ட தர வேறுபாடு இம்மண்ணில் சட்டமாக வந்தது பட்டாசின் வழியே அல்ல, பள்ளிக்கூடத்தின் வழியே.

பட்டாசின் இன்பத்தை மட்டும் நீதிமன்றம் அளவாலேயே கட்டுப்படுத்தியது. உடல்நலம், பிழைப்பு, பண்டிகை மரபு மூன்றையும் எடைபோட்டு 2018 அக்டோபர் 23 அன்று வந்த ஆணை, சரவெடியையும், பச்சை உப்பு என்று தொழிலாளர் சொல்லும் பேரியம் நைட்ரேட் உள்ளிட்ட பேரியம் உப்புகளையும் தடுத்தது. தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியது. அந்த நேரத்தை மாநிலம் முடிவு செய்யலாம் என்றானதும், தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று அதைப் பிரித்து வைத்தது.