பாட்டன் பிறந்த மண்



பாடசாலையிலே ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது, பிறந்த இடம் யாது, பெற்றோரின் ஊர் யாது, இப்போது வதியும் இடம் யாது என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்கின்றோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இம்மூன்றுக்கும் விடை ஒன்றே. கடல் கடந்து குடியேறியோரின் பிள்ளைகளுக்கோ விடைகள் வேறு வேறு நாடுகளைச் சுட்டக்கூடும். அத்தகைய பிள்ளை சிறந்த விளையாட்டு வீரனாக வளர்ந்தால், எந்த நாட்டுக்காக ஆடுவது முறை? றக்பி லீக் ஆட்டத்தின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக நம்முன் வைக்கின்றது.

இவ்வாட்டம் 1895ஆம் ஆண்டிலே வட இங்கிலாந்திற் பிறந்தது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர், சனிக்கிழமைகளில் றக்பி ஆடச் சென்றால் அன்றைய கூலியை இழந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்ய வேண்டுமென வடபுலக் கழகங்கள் கேட்டன; றக்பிச் சங்கத்தார் இணங்கவில்லை. ஆகவே அக்கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரிலே கூடித் தனிவழி சென்றன. தொழிலாளரின் இவ்வாட்டம் சில நாடுகளிலேயே வேரூன்றிற்று. 1954ஆம் ஆண்டு பிரான்சிலே நடைபெற்ற முதல் உலகக் கிண்ணப் போட்டியிற் கலந்துகொண்டவை நான்கே அணிகள்.

பின்னர், பிழைப்பை நாடி தொங்கா, சமோவா, லெபனான் முதலிய நாடுகளிலிருந்து பலர் சிட்னி, ஒக்லாந்து முதலிய நகரங்களிற் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் அந்நகரங்களிலே இவ்வாட்டத்தைப் பயின்று தலைசிறந்தனர். ஒரு வீரன் தான் பிறந்த நாட்டுக்கு மட்டுமன்றி, தன் பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிறந்த நாட்டுக்கும் ஆடலாம் என்னும் விதி, இவர்களுக்கு மூதாதையர் நாட்டின் வாயிலைத் திறந்துவிட்டது.

2000ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் லெபனான் அணி முதன்முறையாகத் தோன்றியது. அவ்வணியினர் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவில் ஆடிவந்தவர்கள். 'இது லெபனானின் அணியா, சிட்னியின் அணியா?' என்று சிலர் ஐயுற்றனர். எனினும் அவ்வணியின் ஹசெம் எல் மஸ்ரி லெபனானின் திரிப்போலி நகரிற் பிறந்து, சிறுவயதிலே அவுஸ்திரேலியாவுக்குச் சென்றவர். அவரே 2002இல் அவுஸ்திரேலியாவுக்கும் ஆடினார். அவரை எந்த நாட்டார் என்பது?

2017ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே ஒரு திருப்பம் நேர்ந்தது. ஒக்லாந்திற் பிறந்த ஜேசன் தவ்மலோலோ நியூசிலாந்து அணியையும், அன்ட்ரூ பிபிற்றா அவுஸ்திரேலிய அணியையும் விடுத்து, தம் முன்னோரின் தொங்காவுக்காக ஆட முன்வந்தனர். கூடுதலான ஊதியத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை. சுமார் ஒரு லட்சம் மக்களே வாழும் அச்சிறு தீவுநாடு, ஹமில்டன் நகரிலே நியூசிலாந்தை 28-22 என வென்றது. 2019இல் அவுஸ்திரேலியாவையும் 16-12 என வீழ்த்திற்று. 2022இல் சமோவா, இங்கிலாந்தை 27-26 என வென்று இறுதிப் போட்டிக்கு முன்னேறியது. பசிபிக் தீவுநாடொன்று அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை.

இவ்விதியைக் குறைகூறுவோர் கூற்றிலும் உண்மை உண்டு. பாட்டியின் பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுத்து அணி திரட்டுவதால் மட்டும் ஒரு நாட்டிலே ஆட்டம் வளர்ந்துவிடாது. பப்புவா நியூகினியிலே இவ்வாட்டம் ஊர்தோறும் ஆடப்படுகின்றது. அதுவே அங்கு தேசிய விளையாட்டு. அத்தகைய வேர், இரவல் வீரர்களால் மட்டும் உண்டாவதன்று. உள்ளூர்க் கழகங்களும் பாடசாலைகளும் அதனை வளர்த்தல் வேண்டும்.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குவோம். தொங்காவிலிருந்து சென்ற தாயின் மகனைத் தன் மண்ணிற் பிறந்தவன் என்று செல்வநாடு உரிமை கொண்டாடுகின்றது. அவ்வாறாயின், தன் குருதியிற் பிறந்தவன் என்று ஏழைநாடு உரிமை கொண்டாடுவது எங்ஙனம் தவறாகும்? பிழைப்புக்காக மக்களை அனுப்பிய சிறுநாட்டுக்கு, அம்மக்களின் பேரப்பிள்ளைகளேனும் ஒருநாள் திரும்பி வருதல் நியாயமே. அழைப்பது விதியின் செயல். வருவது அவ்விளைஞரின் விருப்பம். அவ்விருப்பத்தை மதிக்கும் விதியே நல்ல விதி என்பது எமது துணிபு.