கொழும்பு ஏழில் ஒலித்ததும் வலப்பனை மலையில் கேட்டதும்

இலங்கை வானொலியின் வரலாற்றை இதுவரை எழுதியவர்களில் அதிகம் பேர் ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்தவர்கள். அவர்கள் எழுதியது பாதி வரலாறு. மற்றப் பாதி, இராகலை, ஹைபொரஸ்ட், ஹல்கரனோயா, உடப்புசல்லாவ என்று வலப்பனையைச் சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராக்களில் கிடக்கிறது. கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையாகத் தொடங்கிய ஒலிபரப்பு நூறு ஆண்டைக் கண்டுவிட்டது. பாட்டும் படமும் பழைய கதைகளும் என்றால் வேலையை மறந்துவிடும் ஒரு ரசிகனாக, அந்த மற்றப் பாதியையும் இந்த மலரில் பதிந்துவைக்க விரும்புகிறேன்.

தொடக்கமே ஒரு துப்பறியும் கதையைப் போன்றது. தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளை வைத்து ஓர் ஒலிபரப்பியை உருவாக்கினார். 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை வானில் அனுப்பிப் பார்த்தார். பிபிசி ஒலிபரப்பைத் தொடங்கியது 1922 நவம்பரில்தான். உலகமே வானொலியைப் பழகத் தொடங்கிய அந்த நாட்களிலேயே இலங்கையும் பழகத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இந்தக் கதை எங்கள் மலைநாட்டுப் பக்கமும் திரும்பியது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944இல் பேராதனைக்கு இடம் மாறியது. அந்தப் படையினருக்காக ‘ரேடியோ சீக்’ என்ற நிலையம் இயங்கியது. அதற்கென ஏக்கலையில் அமைத்த பலம் வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. பர்மா முனைவரை சிப்பாய்களுக்குப் பாட்டுப் போடக் கட்டிய இயந்திரம், பிறகு ஆசியாவின் பெரும்பகுதிக்குப் பாட்டுப் போட்டது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரும், 1950இல் வர்த்தக சேவையும் வந்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட் அந்தச் சேவையை வளர்த்தார்.

அதற்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது இந்திய அரசுதான். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை மட்டமாக நினைத்தார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஒடுங்கியது. ரசிகர்கள் வானொலி முள்ளைத் திருகிக் கொழும்பைப் பிடித்தார்கள். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகி, கொழும்பு வழியாகத் திரும்பவும் இந்தியாவுக்கே போனது. அகில இந்திய வானொலியின் ‘விவித் பாரதி’ சேவை 1957இல் வந்த பிறகும் கொழும்பின் மவுசு குறையவில்லை. தமிழிலும் இதே கதைதான். அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் வேகமும் துல்லியமும் சேர்ந்த பேச்சுக்குத் தமிழ்நாட்டில் இருந்த ரசிகர் கூட்டம் ஒரு நடிகருக்குரியது. ஒரு மேலதிகாரியின் விருப்பு வெறுப்பால் மக்களின் ரசனையை அடக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். லயங்களுக்கு மின்சாரம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே பற்றரி வானொலி வந்துவிட்டது. தொடக்கத்தில் கங்காணி வீட்டிலோ, கணக்கப்பிள்ளை வீட்டிலோ, நகரத்துக் கடையிலோதான் பெட்டி இருக்கும். வாசலில் நின்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்வார்கள். டிரான்சிஸ்டர் மலிந்தபின் லயத்துக்கு ஒன்றிரண்டு என்று ஆனது. சம்பள நாளில் அரிசி, மா, சீனியோடு பற்றரியும் வாங்குவார்கள். பற்றரி இறங்கிப்போனால் அதை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு மாலை ஓட்டுவார்கள். ஒரு வானொலி பாடினால் லயத்தின் எல்லாக் காம்பராக்களுக்கும் கேட்கும். சுவர் மெல்லியது, கூரை ஒன்று. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு ‘நீங்கள் கேட்டவை’, பிறந்தநாள் வாழ்த்து, ‘இசையும் கதையும்’ என்று நாளின் வேளைகளையே நிகழ்ச்சிகளை வைத்துச் சொன்னவர்கள் உண்டு. காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டும் பிரட்டுக்கு அழைக்கும் தப்பு மேளம் நிர்வாகத்தின் நேரத்தைச் சொன்னது; வானொலி சொன்னது தொழிலாளியின் சொந்த நேரத்தை.

தபாலட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். பாட்டுக் கேட்டு எழுதிய நேயர்கள் தங்கள் பெயரோடு தோட்டத்தின் பெயரையும், மேல்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும் சேர்த்து எழுதினார்கள். குடும்பத்தில் எல்லாருடைய பெயரையும் ஒரே அட்டையில் நெருக்கி எழுதுவதுண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்த காலம் அது. அவர்களுக்கு வந்த கடிதமே தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் கைக்கு வரும். வாக்காளர் இடாப்பில் இல்லாத அந்தப் பெயர்களை, அதே அரசின் வானொலி சுதந்திர சதுக்கத்திலிருந்து நாடு முழுவதும் கேட்க வாசித்தது. தன் பெயர் வருமென்று வாரக்கணக்கில் காத்திருந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஆவலைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட என்னால் முடியாது.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் மலையகத் தமிழரைப் பற்றிச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூர், கோத்தகிரி என்று போய்ச் சேர்ந்த உறவுகள் அங்கேயும் கொழும்பு வானொலியைக் கேட்டார்கள். கடலுக்கு இரு பக்கமும் பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்க வழி இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது திரைப்பாட்டு மட்டுமல்ல. சானா சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’, சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற நாடகங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளைக் காம்பராக்களுக்குள் கொண்டுவந்தன. எஸ். ராமதாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாட்டின் பல வட்டாரத் தமிழையும் ஒரே மேடையில் பேசவைத்தது. 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர்களே நடிகர்களுக்கு முன்பெயராக ஒட்டிக்கொண்டன. ‘கோமாளிகள்’ வந்ததற்கு முந்திய ஆண்டு, தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ வந்தது. மதராஸ் படங்களையே பார்த்துப் பழகிய தோட்ட மக்கள் தங்கள் வாழ்க்கையைத் திரையில் கண்ட படம். அதன் தொழில்நுட்பக் குறைகளைச் சொல்வோர் உண்டு. என் கணக்கில் அந்தக் காலத்து இலங்கைத் தமிழ்ப் படங்களில் அதற்கே முதலிடம்.

அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராகச் சொல்ல இந்த இதழே போதாது. ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவும், ‘பாட்டுக்குப் பாட்டு’ தந்த பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வெளியே இருந்த தமிழ் வகுப்புகள். கே. எஸ். ராஜாவின் மின்னல் பேச்சைப் பையன்கள் தண்ணீர்ப் பீலிக்கரையில் நின்று அப்படியே சொல்லிப் பார்த்தார்கள். அவர் 1994இல் கொழும்பில் கொலை செய்யப்பட்டார்.

தொண்ணூறுகளிலிருந்து தனியார் பண்பலைகள் வந்தன. இன்று கைபேசியில் எல்லாமே கிடைக்கிறது. ரேடியோ சிலோனின் வாரிசான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ‘தென்றல்’ இன்னும் ஒலிக்கிறது. ஆனால் நேயர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். தோட்டத்துப் பாடல்களை மக்களின் வாயிலிருந்தே கேட்டுச் சேர்த்த சி. வி. வேலுப்பிள்ளை எங்களுக்கு வழி காட்டியிருக்கிறார். அவர் அன்று அதைச் செய்திராவிட்டால் அந்தப் பாடல்களில் பல இன்று இருந்திருக்காது. வானொலி கேட்டவர்களின் நினைவுகளுக்கும் அப்படி ஒரு வேலை உடனே தேவை.

ஆகவே இந்த மலரை வாசிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா, அம்மாயி, பெரியப்பா யாராவது வானொலிக்கு எழுதியவர்களா என்று கேளுங்கள். எந்தப் பாட்டை, யாருக்காகக் கேட்டார்கள், பெயர் வந்த அன்று லயத்தில் என்ன நடந்தது என்பதைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். பரணில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களையும், கசெட்டுகளையும், பழைய வானொலி உரிமப் பத்திரங்களையும் அடுப்புக்குப் போடாதீர்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவமாக்கி வரும் நூலகம் நிறுவனத்தினரிடம் அவற்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.